முந்தி விளைஞ்ச சோளம்

இல்ல சார், எம் பொண்ணு எலூபி இப்ப வரமாட்டா. நீங்க உக்காருங்க. போட்டோ எடுக்கணும்னா வயல எடுத்துக்கோங்க, வெறும் தட்டைதான் நிக்குது.

உங்க மேல கோவமா? உங்க மேல என்ன கோவம். மழை இனி பழைய மாதிரி பெய்யாது, மக்காச்சோளத்த நம்பாதீங்கன்னு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கையில சோள விதை குடுத்து அனுப்புனீங்க. ஊரே சிரிச்சுது. அந்த மாவுல ன்சீமாக் களி கிண்டுனா கறுத்துப் போகும், அது பஞ்சத்துல திங்குற களின்னாங்க. எம் பொண்ணு விட்டாளா? சாப்பிடாம கெடந்து அவ அப்பாவ சம்மதிக்க வெச்சா. வகுப்புல முதல் பிள்ளை, அவருக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான்.

நீங்க சொன்னது பொய்யில்ல சார். மழை பாதியில நின்னுச்சு, ஊரு மக்காச்சோளம் பூராம் கருகிப்போச்சு. எங்க சோளம் மட்டும் கதிர் புடிச்சுது. சீக்கிரம் விளையும்னீங்க, விளைஞ்சுது. அதுதான் வினையாப் போச்சு. ஆத்துக்கு இந்தப் பக்கம் வேற ஒரு கதிர் கெடையாது. ஷீரே ஆத்தங்கரைக் குருவி மொத்தமும் எங்க வயல்லதான் எறங்குச்சு.

எலூபிதான் தகரத்தத் தட்டித் தட்டி வெரட்டுனா. அந்த நேரம் பாத்து பரீட்சை வந்துச்சு. அனுப்பலேன்னா எட்டாவதோட படிப்பு போச்சுன்னு காலோங்கா வாத்தியார் வந்து நின்னாரு. அனுப்புனேன். எம் வீட்டுக்காரரு மலேரியா சுரத்துல கெடக்குறாரு, எனக்கு முதுகுல கைப்பிள்ளை. நான் ஒரு பக்கம் ஓடுனா மறுபக்கம் எறங்குதுங்க. அவ பரீட்சை முடிச்சுட்டு வந்தப்ப கதிர்ல உமிதான் இருந்துச்சு. வயலுக்கு நடுவுல உக்காந்து அழுதா, பாவம். நாந்தான போகச் சொன்னேன், என்னத்தச் சொல்லித் தேத்துறது.

ஆமா, பாஸாயிட்டாளாம். வாத்தியாரு சொன்னாரு. பெரிய பள்ளிக்கூடத்துல எடமும் கெடச்சுதாம்.

அவளுக்குப் பரிசா? என்கிட்ட குடுங்க. அவ கையிலதான் குடுக்கணுமா? அப்ப நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் போகணும் சார். பம்பு வெச்சு விவசாயம் பண்றாங்களே, அந்த வீடு. போன மாசம் கட்டிக் குடுத்துட்டோம். இங்க மிச்சமிருக்குற சின்னதுங்களுக்கும் வயிறு இருக்குல்ல. நல்ல மனுசங்கதான். பொண்ணுக்கு உண்டான பரிசத்த மக்காச்சோளமா தந்தாங்க. படிச்ச பொண்ணுன்னு ரெண்டு மூட்டை அதிகமாவே தந்தாங்க.