பக்கத்து சீட் யாருக்கு

"ஹலோ... ஹலோ... கத்தாத, காது கிழியுது... கேட்டேன்யா, கேட்டேன். காலைல ரேடியோலயே சொல்லிட்டாங்க. கில்ராயை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. ஆமா... ஆமா... அதுக்கு நீ விசில் அடிக்கணுமா?... அடிக்காத! தொட்டியில நாய் நிக்குது, விசில் கேட்டா வெளிய குதிச்சிரும்... டியூக், அசையாம நில்லு!... உன்னச் சொல்லல டெரெக், நாயைச் சொன்னேன். நீ எந்தக் காலத்துல சொன்னா நின்னிருக்க?"

லொரெய்ன் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஸ்பானியல் நாயின் வயிற்றில் நுரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தார்ன்பெக் கடைத்தெருவில் நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் கடை அவளுடையது. மறுமுனையில் டெரெக். ஒன்பது வருடங்களுக்கு முன்புவரை அவள் கணவன். விவாகரத்தின்போது வீட்டைப் பிரித்தார்கள், காரைப் பிரித்தார்கள், தேநீர்க் கோப்பைகளைக்கூட ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். தார்ன்பெக் டவுன் கால்பந்து மைதானத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு சீசன் டிக்கெட் இருக்கைகளைப் பற்றி மட்டும் வக்கீல்களிடம் இருவருமே வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் சொந்த ஊரில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் தனித்தனி வழியாக வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஆளைத் திட்டிவிட்டு, தனித்தனி வழியாகவே திரும்பிப் போனார்கள்.

"நாலு கோல் வாங்கினாங்க, ஒத்துக்கறேன்... கடைசி இடத்துல இருக்கற டீம்கிட்ட வாங்கினாங்க, அதையும் ஒத்துக்கறேன்... நானும் அங்கதானே இருந்தேன்? உன் பக்கத்துல, அந்த மழைல! எனக்கே ஸ்கோர் சொல்றியா?... அதுக்கு மேனேஜர் என்ன பண்ணுவான்? கோல் போடறவன் முட்டிய ஒடச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். வேற ஆள் வாங்கித் தாங்கன்னு கில்ராய் கேட்டான், முதலாளி கைய விரிச்சிட்டாரு... கோல் விழாம தடுக்க அஞ்சு பேர பின்னாடி நிறுத்தினான்னா, முன்னாடி நிறுத்த ஆள் வேணாமா?... சரி... சரி... ஆள் மாத்த லேட் பண்ணான், அது வாஸ்தவம். நானும் அன்னிக்குக் கத்துனேன். அதுக்காகத் தலைய வாங்கிடறதா?"

நாய் உடம்பைச் சிலிர்த்தது. நுரை பறந்து அவள் கண்ணாடியிலும் கைபேசியிலும் ஒட்டிக்கொண்டது.

"இரு, இரு... ஒண்ணும் இல்ல, சோப்பு... ஏன்யா, ரெண்டு வருஷம் முன்னால நம்மள மேல் டிவிஷனுக்குத் தூக்கிட்டு வந்தது யாரு? இதே கில்ராய்தானே? அன்னிக்கு வேலி தாண்டிக் குதிச்சு ஓடிப்போய் அவன் வழுக்கைல முத்தம் குடுத்தது யாரு?... நீ இல்லியா? போட்டோ இருக்கு எங்கிட்ட. பேண்ட் கிழிஞ்சது வரைக்கும் தெரியுது... தோல்விக்குக் காரணம் யாருன்னு நான் சொல்லட்டுமா? நீதான்... ஆமா, நீதான். போன மாசம் ஒரு கோல் முன்னால இருந்தோம். எண்பதாவது நிமிஷம் மிட்டாய் குடுத்தேன். விசில் ஊதற வரைக்கும் வாயில வச்சுக்கணும், கடிக்கக் கூடாதுன்னு எத்தன வருஷமா சொல்றேன்? 'கடக்'குன்னு கேட்டுச்சு. திரும்பிப் பாக்கறதுக்குள்ள பெனால்டி. அதுக்கும் கில்ராயத்தான் அனுப்பணுமா?... சிரிக்காத."

அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சிரிப்புக்கு அடியில் காலையிலிருந்து ஏதோ ஒன்று பாரமாகக் கிடந்தது. இப்போது டெரெக் அதன்மேலேயே கால் வைத்துவிட்டான்.

"என்ன சபதம்?... ஞாபகம் இருக்கு. எதுக்கு ஞாபகம் இல்லாம? வரிசையே கேட்டுச்சே."

இரண்டு வாரங்களுக்கு முன் மைதானத்தில் நடந்தது அது. கில்ராயை அனுப்பாவிட்டால் அடுத்த சீசனுக்குத் தன் சீட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று டெரெக் எழுந்து நின்று அறிவித்தான். அந்த வேகத்தில் இவளும் எழுந்தாள். அவரை அனுப்பினால் நான் புதுப்பிக்க மாட்டேன், இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்றாள். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பின்வரிசை கிளைவ் மட்டும் கைதட்டாமல் குனிந்து, எது காலியானாலும் தன் மச்சானுக்கு வேண்டும் என்று மெதுவாகச் சொல்லி வைத்தான். அந்த மச்சான் ஆட்டம் முழுக்க அவித்த முட்டை சாண்ட்விச் தின்பவன்.

புதுப்பிக்க இன்றுதான் கடைசி நாள். இன்று காலைதான் கில்ராயை அனுப்பினார்கள். ஆகவே சபதப்படி டெரெக் இருப்பான், அவள் சீட்டை விட வேண்டும்.

அவள் விடவில்லை. ரேடியோவை அணைத்த கையோடு, கடையைத் திறப்பதற்கு முன்பே டிக்கெட் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டாள். சபதத்தை நினைத்து ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அந்த சீட்டுக்கு ஏற்கெனவே யாரோ பணம் கட்டிவிட்டதாக அங்கிருந்த பெண் சொன்னாள். யார் என்று கேட்க லொரெய்னுக்கு வாய் வரவில்லை. போனை வைத்ததும் முட்டை வாசம் மூக்கில் அடித்தது போல இருந்தது.

இதை டெரெக்கிடம் சொல்வதற்குப் பதில் தொட்டியில் இருந்த அழுக்குத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிடலாம்.

"ஆமா, சொன்னா சொன்னதுதான். நான் வார்த்தை மாற மாட்டேன்... கோபம் எல்லாம் இல்ல, கொள்கை... கொள்கைன்னா என்னன்னு உனக்கு எங்க தெரியும்? தெரிஞ்சிருந்தா நல்லா ஆடலன்னதும் ஒரு மனுஷன நடுத்தெருவுல நிறுத்துவியா? கொஞ்சம் டைம் குடுத்துப் பாக்க மாட்டியா?... என்ன?... என்ன சொன்ன?... ஓ. அங்க வர்றியா. உனக்கு நான் டைம் குடுக்கலையா?"

அவள் கை நின்றது. நாய் அவளை நிமிர்ந்து பார்த்தது.

"பத்தொன்பது சீசன் குடுத்தேன்யா உனக்கு! கில்ராய்க்கு ரெண்டரைதான். அவனாவது ஒரு கோப்பை ஜெயிச்சான்... ஆமா, சின்னக் கோப்பைதான், பரவால்ல... நீயும் கடைசில அதேதான் பண்ண, அஞ்சு பேரையும் பின்னாடி நிறுத்திட்ட. என்ன கேட்டாலும் 'ம்'. சோறு நல்லாருக்கான்னா 'ம்'. என்ன பிரச்சனைன்னா 'ம்'... தெரியும், எனக்கும் வாய் நீளம்... தெரியும்னு சொல்றேன்ல. நீ இப்ப எதுக்கு அதெல்லாம் ஒத்துக்கற? சண்டை போடற மூட்ல இருக்கேன், கெடுக்காத."

மறுபக்கம் அமைதி. அந்த அமைதியை லொரெய்ன் நன்றாக அறிவாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தபோது அதே அமைதி அவளைக் கொன்றிருக்கிறது. மைதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அது ஒன்றும் செய்யவில்லை. முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்வதுதான் அவர்களுக்கு வரவில்லை. இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாக இருந்தது. அவள் அம்மா இறந்த வாரம்கூட அப்படித்தான். கோல் இல்லாமல் முடிந்த ஒரு ஆட்டத்தின் நடுவே, புல்தரையைப் பார்த்தபடியே, அவன் மிட்டாய்ப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அன்று வேறு எதுவும் தேவைப்படவுமில்லை.

"ஹலோ... இருக்கியா?... ம். இருக்கேன்... டியூக்கா? நல்லாருக்கான். ஒரு பக்கம் கழுவியாச்சு, இன்னொரு பக்கம் பாக்கி... பேச்ச மாத்தாத... இல்ல, நான் வர மாட்டேன். கெஞ்சினாலும் வர மாட்டேன்... புது மேனேஜர் யாரா இருந்தா எனக்கென்ன?... இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் இருந்தா இருக்கட்டும்... டெரெக், நீ சும்மா நச்சரிக்காத. நான் மனசு மாறினாலும் ஒண்ணும் பண்ண முடியாது, அந்த சீட் வித்தாச்சு!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவள் காதில் விழுந்தது.

"எ... எப்படித் தெரியும்னா? கேள்விப்பட்டேன்... யாரோ சொன்னாங்க... கடைக்கு வந்தவங்க... பேரு ஞாபகம் இல்ல... நாய் பேரும் ஞாபகம் இல்ல... ஐயோ, என்னய்யா போலீஸ் மாதிரி கேக்கற?... சரி. சரி! போன் பண்ணேன். போதுமா? காலைல நானே போன் பண்ணிக் கேட்டேன்... ஆமா, ரேடியோ கேட்ட பிறகுதான்... ஆமா, சபதத்த மீறித்தான்! நல்லா சிரி. வரிசைல எல்லாருக்கும் சொல்லு. கிளைவோட மச்சான்கிட்டயும் சொல்லு, ஆகஸ்ட்லேர்ந்து அவன்தானே உன் பக்கத்துல உக்காந்து முட்டை தின்னப் போறான். நல்லா இருங்க ரெண்டு பேரும். முட்டைய பாதி பாதி பிரிச்சுக்..."

அவள் நிறுத்தினாள். டெரெக் சிரிக்கவில்லை.

"என்ன?... திருப்பிச் சொல்லு... நீயா?... நீ கட்டினியா?... எது, உன்னோடதா, என்னோடதா?... ரெண்டுமா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை மூடினாள்.

"எப்போ?... செவ்வாய்க்கிழமை... இரு. இன்னிக்கு வியாழன். செவ்வாய்க்கிழமை கில்ராய் வேலைல இருந்தான்ல?... இருந்தான். முதலாளிகூட 'என் முழு ஆதரவும் அவருக்குத்தான்'னு பேப்பர்ல குடுத்திருந்தாரு. கில்ராய் இருந்தா நீ வர மாட்டேன்னு சொன்ன. எழுந்து நின்னு சொன்ன. மீசை துடிக்கச் சொன்ன... அப்போ அவன் இருந்தாலும் வந்திருப்பியா? அஞ்சு பேர பின்னாடி நிறுத்தினாலும்?... கீழ் டிவிஷனுக்குப் போனாலும்?... ம்... ம்..."

கண்ணாடி மங்கலாகியிருந்தது. சோப்புதான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

"என் நம்பர் எப்படித் தெரிஞ்சுது உனக்கு? கேப்பாங்களே... இன்னுமா ஞாபகம் வச்சிருக்க? என் பிறந்த நாள் ஒரு தடவகூட ஞாபகம் இருந்ததில்ல உனக்கு, டிக்கெட் நம்பர் மட்டும்... இல்ல, அழல. யாரு அழுதா?... காலைலேர்ந்து என்ன பாடு பட்டேன் தெரியுமா, மடையா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?... சண்டை நல்லாருந்துச்சா. ஆமா. நல்லாத்தான் இருந்துச்சு... சரி, கிளைவ்கிட்ட என்ன சொல்றது? ரெண்டு பேரும் பேச்சு மாறிட்டோம்னு தெரிஞ்சா சீசன் பூரா ஓட்டுவான்... நான் எதிர்ப்புத் தெரிவிக்க வர்றேன்னு சொல்லிக்கிறேன். வீட்ல உக்காந்து கத்தினா அவங்களுக்குக் கேக்காதுல்ல?... நீயா? நீ ஒண்ணும் சொல்லாத. 'ம்'னு சொல்லு. உனக்குத்தான் நல்லா வருமே."

டியூக் பொறுமை இழந்து ஒரு முறை குரைத்தான். கடை வாசலில் மணி அடித்தது. நாயின் சொந்தக்காரர் வந்துவிட்டார், நாய் இன்னும் பாதி நுரையில் நின்றது.

"வந்துட்டாங்க, வைக்கணும்... இல்ல, இன்னும் நான் ஒத்துக்கல. அவன அனுப்பினது தப்புதான். தப்பு. ஆயிரம் தடவ சொல்லுவேன்... சனிக்கிழமை நேர்ல சொல்றேன்... என்ன?... சாப்பாடா? ஆட்டம் முடிஞ்சா?... வேணாம் டெரெக்... கோபம் இல்லன்னா இல்ல. மேசையெல்லாம் நமக்கு வேணாம். சீட் மட்டும் போதும்..."

அவன் இதற்கும் 'ம்' சொல்லிவிட்டு வைத்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் வைக்கவில்லை. ஏதோ சொன்னான், மெதுவாக, தட்டுத் தடுமாறி. அவள் கைபேசியைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.

"...பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கறதா? சேர்ந்தா?"

அவள் யோசித்தாள். கால்வாய் ஓரமாகப் போகும் பாதை. இருவர் அக்கம்பக்கமாக நடக்கும் அளவுக்குத்தான் அகலம்.

"நடக்கலாம்... ம். அது ஒரே பக்கம் பாத்துட்டுப் போறதுதானே... சரி, வை. மிட்டாய் நீ கொண்டு வா, இந்தத் தடவ உன் முறை... கொண்டு வா, ஆனா கடிக்காத... கடிச்சேன்னு வச்சுக்க, முழு ஆதரவும் உனக்குத்தான்னு பேப்பர்ல போட்டுட்டு மறுநாள் காலைல தூக்கிடுவேன்... டெரெக்?... ஒண்ணும் இல்ல. வை."