நூறு தவளைக்கு ஒரு உம்

மார்ச் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை, மாலை நாலரை மணி. நகர அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில் ஒலிப்பதிவு அறைக் கதவில் ‘அமைதி’ என்ற பலகை தொங்கியது.

மறுநாள் காலை ‘ஊர் சொன்ன கதைகள்’ கண்காட்சியின் திறப்பு. முதல் கூண்டில் நின்று ஹெட்போனை மாட்டினால், குடிநீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற வால்வுக்காரர் ஒருவர், புதுத் தண்ணீர்த் தொட்டி திறப்பு விழாவில் குழாயிலிருந்து தவளை வந்த கதையைச் சொல்வார் என்பது ஏற்பாடு. மதியம் அவர் கூப்பிட்டு, தன் குரலை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அந்தக் குரலைப் பதிவு செய்து வந்தவர் அவருடைய மச்சினர். டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்தே கதை சேகரிப்பவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் டேப்பு.

டேப்பு தொலைபேசியில் அத்தானின் எண்ணை அழுத்தினார். எதிர் நாற்காலியில், ஒலிகளை வெட்டி ஒட்டும் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஹலோ… ஹலோ, அத்தான்… நான்தான். நான்தான் அத்தான்… யாருன்னு கேக்காதீங்க, போன வாரம்தானே உங்க வீட்டுல மூக்கு முட்டச் சாப்பிட்டேன்… சரி… சரி… ஆமா, உங்க மானத்தைக் கப்பலேத்தினவன்தான் பேசறேன். வச்சிடாதீங்க!”

“…ஆமா… ஆமா… ஆமா, சிரிச்சாங்க… உங்ககூட வேலை பார்த்தவங்களும்தான், ஆமா… பம்ப் ஆபரேட்டர் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு, பார்த்தேன்… நானா? நான் எங்க சிரிச்சேன்? இருமினேன் அத்தான்.”

“…பேப்பர் போடறவனுமா? …கேட்டுக்கு வெளில நின்னு தவளை மாதிரி கத்தினானா? …நல்லா கத்தினானா? …இல்ல, சும்மா கேட்டேன்.”

செவ்வாய்க்கிழமை முன்னோட்டத்தில் நடந்தது இதுதான். வால்வுக்காரர் கதை சொன்னது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். எதிரே அவர் மனைவி, அதாவது டேப்புவின் அக்கா, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே உம் கொட்டியிருந்தார். உம் கொட்ட ஆள் இல்லாமல் அந்த மனிதருக்குக் கதை நகராது. ஒலிக்காரப் பெண்ணின் கணினி அத்தனை உம்மையும் ‘இரைச்சல்’ என்று காட்டியது. அவள் ஒன்று விடாமல் களைந்து எடுத்துவிட்டாள். மிச்சமிருந்தது ஒரு தனி மனிதரின் குரல். “தலைவர் குழாயைத் திறந்தாரு. குபுகுபுன்னு நூறு தவளை!” என்றது அது. கொஞ்சம் அமைதி. “நூறுன்னா… ஒரு பத்து.” இன்னும் நீண்ட அமைதி. “சரி, ரெண்டு.” யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஏறி, அவராகவே இறங்கினார். அரங்கம் உருண்டு சிரித்தது.

“…புளுகன்னு யார் சொன்னா? …தன்னைத்தானே குறுக்கு விசாரணை பண்ணிக்கிற சாட்சி மாதிரி இருந்துச்சுன்னா? …பம்ப் ஆபரேட்டரா சொன்னாரு? நல்லாதான் சொல்லி… இல்ல, இல்ல! நான் உங்க பக்கம் அத்தான், சத்தியமா உங்க பக்கம்.”

“…இப்ப என்ன, இன்னொரு தடவை பதிவு பண்ணிட்டாப் போச்சு. இப்பவே, போன்லயே. ரெக்கார்டு ஓடிக்கிட்டுதான் இருக்கு. நீங்க சொல்லுங்க, அக்கா உம் கொட்டட்டும்… என்னது? …கொட்டறதில்லையா? எப்பேர்ந்து? …செவ்வாய்க்கிழமைலேர்ந்தா! …காபி வேணுமான்னு கேட்டா? …அதுக்கும் இல்லையா… அப்போ நீங்க எதையுமே சொல்லி முடிக்கல… காலைல ஆரம்பிச்ச கதை இன்னும் பஸ் ஸ்டாண்டுலயே நிக்குதா? அடப் பாவமே.”

“…அந்த பீரோ பத்தி அப்புறம் பேசலாம் அத்தான். …தெரியும், தினமும் கால் கட்டைவிரல்ல இடிச்சுக்கறீங்க. …தெரியும், எங்க அப்பா பீரோதான், நான்தான் எடுத்துட்டுப் போகணும். …என் வீடு நாலாவது மாடி அத்தான், லிஃப்ட் கிடையாது. அது பீரோ இல்ல, வாசல் வச்ச யானை. அப்புறம் பேசலாம். முதல்ல அக்காகிட்ட குடுங்க… பேச மாட்டாளா? ஸ்பீக்கர்ல போடுங்க.”

டேப்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். அக்காவிடம் பேசும்போது, தொலைபேசியானாலும், அவர் அப்படித்தான்.

“அக்கா… அக்கா, நான்தான்… அக்கா? கேக்குதா? ஒரு உம்மாவது குடேன்… ஐயையோ, அந்த உம்மா இல்லக்கா! உம்! உம்மாவது!”

ஒலிக்காரப் பெண் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

“…அப்பாடா, பேசிட்டா. …சரிக்கா… சரிக்கா… சரிக்கா… இரைச்சல்னு நான் சொல்லலக்கா, மெஷின் சொல்லுச்சு. …மெஷினை வச்சிருக்கறவன் நான்தான், ஆமா. …ஆமா, கூடப் பொறந்தவன்தான். …கூடப் பொறந்தவ குரலே தெரியலைன்னா காது எதுக்கு, ஆமா, கண்ணாடி மாட்டத்தான். …தெரியும்க்கா. நீ உம் கொட்டலைன்னா அந்தத் தவளை இந்நேரம் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். …அதான், நூறைப் பத்தாக்கினது யாரு? நீ! பத்தை ரெண்டாக்கினது யாரு? …நீதான்க்கா. வரலாற்றையே காப்பாத்தினவ நீ.”

“…சோப்பு போடலக்கா, நிஜமா சொல்றேன்.”

கதவு திறந்தது. அருங்காட்சியக இயக்குநர் தலையை நீட்டினார். டேப்பு ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார்.

“சார்… வந்துடும் சார், முதல் கூண்டு ரெடிதான்… இல்ல சார், சொந்த விஷயமெல்லாம் இல்ல, அக்காகிட்டதான் பேசறேன்… ஆராய்ச்சி சார்… அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா என்ன சார்? …உங்க துவக்க உரையைப் போட்டுடலாமா? …முழுசுமா? …நாப்பது நிமிஷத்தையும்… ரொம்ப நல்ல யோசனை சார்… அழுகையா? இல்ல சார், ஏசி காத்து கண்ணுல.”

கதவு மூடியது.

“அக்கா! அக்கா, லைன்ல இருக்கியா? காப்பாத்துக்கா. அஞ்சு மணிக்கு உன் வீட்டுக்காரர் இருக்க வேண்டிய இடத்துல எங்க பெரியவர் வந்து உக்காந்துடுவாரு. கண்காட்சிக்கு வர்றவன் முதல் கூண்டுலயே தூங்கிட்டா அடுத்த அஞ்சு கூண்டுக்கு யார் போவா? …சரி, திரும்ப உம் கொட்டறியா? …மாட்டியா? …ஒரு தடவை தூக்கிப் போட்டதைத் திரும்பக் கேக்கறதுக்கு வெக்கமா இல்லையான்னா… இருக்குக்கா.”

“ஒரு நிமிஷம்க்கா… ஏம்மா, என்ன கையைக் காட்டற? …அழிக்கலையா? …வெட்டினதெல்லாம் அப்படியே இருக்கா! எங்க? …‘குப்பை’ங்கற ஃபைல்லயா? சத்தமாச் சொல்லாத, அங்க ஸ்பீக்கர் ஓடுது… அக்கா, அது ஒண்ணும் இல்லக்கா. ‘தொப்பை’ன்னு சொன்னா. என்னைத்தான்.”

பெண் விசையைத் தட்டினாள். அறையெங்கும் அக்காவின் உம். ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியிருந்ததால் கதை இல்லை, வெறும் உம்கள். குட்டையாக ஒன்று, இழுவையாக ஒன்று, மூக்கிலிருந்து ஒன்று, கொட்டாவிக்குள்ளிருந்து ஒன்று.

“கேக்குதாக்கா? அத்தனையும் பத்திரமா இருக்கு. ஆனா எது எங்க போகணும்னு இவளுக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்… என்னக்கா, சிரிக்கிறியா? …சிரிக்கலையா, சரி, இருமற. சரி, ஒவ்வொண்ணாப் போடறேன்… இது? …சும்மா உம்மா? மேல சொல்லுங்கற உம். எழுதிக்கம்மா. …இது? …‘ஆரம்பிச்சுட்டாருடா’ உம். …இது? …அடுப்புல பால் பொங்குதான்னு திரும்பிப் பார்த்தபடி… பால் உம். எழுதிக்கம்மா, பால் உம். …ஆமாம்மா, அப்படியே எழுது, என்னைப் பார்க்காத.”

“…இது கொஞ்சம் கோவமா இருக்கே? …பீன்ஸ்ல பூச்சியா! சரி, அது கதைக்கில்ல, பூச்சிக்கு. இருந்துட்டுப் போகட்டும்.”

அடுத்ததாக வந்த உம் கிணற்றில் வாளி இறங்குவதுபோலக் கீழே போய், அடியில் தொட்டு, கேள்வியாக மேலே வந்தது.

“இதான்! இதான்க்கா, நூறைப் பத்தாக்கினது! சொல்லவே வேணாம், எனக்கே நெஞ்சு திக்குங்குது. சின்ன வயசுல நான் பொய் சொன்னா இதைத்தானே போடுவ… அடுத்தது பத்தை ரெண்டாக்கினது. வச்சாச்சு… அப்புறம் இன்னொண்ணு மிச்சமிருக்கே, இது எங்கக்கா? …ரெண்டுக்கு அப்புறமா? ரெண்டுக்கும் உம்மா? …அத்தான் ஏன் கத்தறாரு? …ரெண்டுதான்னு சொல்றாரு… நீ என்ன சொல்ற? …ஒண்ணா! அப்போ ரெண்டாவது தவளை? …தலைவரோட கைக்குட்டையா? …பச்சைக் கைக்குட்டை. பாக்கெட்லேர்ந்து விழுந்து தண்ணில… ஐயோ… அத்தான், அதுக்குக் கண்ணு இருந்துச்சுன்னு சொல்லாதீங்க, கைக்குட்டைக்கு ஏது கண்ணு? …பூப்போட்டதா… சரி, சண்டை வேணாம், ரெண்டு பேர் சொன்னதையும் அப்படியே வச்சுடறேன்.”

டேப்பு எழுந்து நின்றுவிட்டார். ஒரு கையில் தொலைபேசி, மறு கை காற்றில்.

“இந்தா, இவ முன்னாடியே சொல்றேன்க்கா. இனிமே இந்த அறைல ஒரு உம்மையும் வெட்டக் கூடாது. எவன் உம்மா இருந்தாலும் சரி. கேட்டுக்கிட்டியாம்மா? எழுதி அந்தப் பலகைக்குக் கீழ ஒட்டு… கேட்டியாக்கா? …அப்போ அனுமதி குடுத்துடுவீங்கல்ல? …அதுக்கு முன்னாடி என்ன? …கதையா? நீ சொல்லப் போறியா? …நான் உம் கொட்டணுமா. எனக்கு உம் கொட்டத் தெரியுதான்னு பார்க்கணும். சரிக்கா, ஊர் ஊராப் போய் உம் கொட்டித்தானே சம்பளம் வாங்கறேன். சொல்லு.”

மணி நாலு ஐம்பது. பெண் திரையில் உம்களை இழுத்து இழுத்து அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். டேப்பு தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவள் திரைமேல் குனிந்தார்.

“உம்… ஒரு ஊர்ல ஒரு அக்கா, உம்… ஒரு தம்பி, உம்… (ஏம்மா, பாலைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளு.) உம்… அக்கா ரொம்ப நல்லவ, உம், உம்… (இல்ல, பூச்சிக்கு முன்னாடி.) உம்… தம்பி நன்றி மறக்காதவன், உம்… (அப்படித்தான், அப்படித்தான்.) உம்… மூணு கதவு, உம்… ஞாயித்துக்கிழமை, உம்… (நூறு… அமைதி… இப்ப கிணறு! ஆஹா!) உம்… கூலி தம்பியோடது, உம்… உம்… சுபம். அவ்வளவுதானாக்கா? குட்டிக் கதையா இருக்கே. எப்படிக் கொட்டினேன்?”

“…நல்லாக் கொட்டினேனா? …அத்தான் அனுமதி குடுத்துட்டாரா? உம் சொல்லிட்டாரா! …அத்தான், நீங்க தெய்வம்… கூண்டு அட்டைல அக்கா பேரும் வரும், உங்க பேர் அளவு எழுத்துலயே… ரொம்ப சந்தோஷம்க்கா, ரொம்ப… ஞாயித்துக்கிழமையா? என்ன ஞாயித்துக்கிழமை? …என்ன வண்டி?”

பெண் கையை எடுத்துவிட்டு, திரையிலிருந்து மெல்லத் திரும்பினாள்.

“…எந்த பீரோ? …நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? …உம் சொன்னேனா? அது கதைக்குக் கொட்டினதுக்கா! …மூணு கதவுன்னப்போ அரண்மனைன்னு நினைச்சேன்… இல்லக்கா, கவனிச்சுக்கிட்டுதான்… அப்படியில்லக்கா… அக்கா, வீட்டுல என்னைத் தோலை உரிச்சுடுவா… அத்தான் ஏன் கை தட்டறாரு?”

“…ஆமா, ரெக்கார்டு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு… ஆமா, வாய்மொழி சம்மதம் செல்லும்னு கதையைப் பதிவு பண்ண அன்னைக்கு நான்தான் சொன்னேன்… ஒரு நிமிஷம்… ஏம்மா, அந்த ‘மூணு கதவு’க்கு அப்புறம் வர்ற உம் இருக்குல்ல, அது கொஞ்சம் இரைச்சலா இல்ல? …கேக்கறேன், சும்மா கேக்கறேன்… கதவுல என்ன ஒட்டச் சொன்னேன்? …ஒட்டிட்டியா?”

“அக்கா… அக்கா, குறைஞ்சது கூலியாவது பாதிப் பாதி… அக்கா? ஹலோ? …ஹலோ?”

தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கண்காட்சி திறக்கப்பட்டது. முதல் கூண்டில் தவளைக் கதை எல்லா உம்மோடும் ஓடியது. அட்டையில் கதைசொல்லியின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், உம் கொட்டியவரின் பெயர் இருந்தது. பம்ப் ஆபரேட்டர் இரண்டு முறை கேட்டார். இயக்குநரின் உரை ஆறாம் கூண்டுக்குப் போனது. தவளை ஒன்றா இரண்டா என்பது முடிவாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பீரோ வந்தது. மூன்றாம் மாடித் திருப்பம் வரை ஏறியது.