டர்போ எஞ்சினும் டாக்டர் சிவரஞ்சனியும்

இந்த அவையைத் தம் அமைதியாலேயே ஆண்டுகொண்டிருக்கும் தலைவர், ஊனமுற்றோர் தோழமைச் சங்கத்தின் தூணாய் நிற்கும் ஐயா செல்லமுத்து அவர்களே! வெயிலையும் வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பெரம்பலூருக்குப் பேருந்து ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! கொள்ளிடக் கரையிலிருந்தும் சுண்ணாம்புக்கல் பூமியிலிருந்தும் கட்டுச்சோற்றோடு வந்து, கால் மாற்றிக்கூட உட்காராமல் காத்திருக்கும் தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே நிற்கும் புது வண்டியை விட்டுப் பார்வையைத் திருப்ப மறுக்கும் இளைஞர்களே! அந்த வண்டியில் இன்று முதல் பாடம் படிக்கப் போகும் மாணவச் செல்வங்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்தக் கலையரசியின் கைகூப்பு!

நான் விக்கிரமங்கலத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. எஞ்சினைப் பற்றியும் கியரைப் பற்றியும் பேச எனக்கென்ன தகுதி? ஒரே ஒரு தகுதிதான். இதோ மேடையில், "சீக்கிரம் முடிங்க டீச்சர்" என்று கண்ணாலேயே என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாரே, கால்நடை மருத்துவர் சிவரஞ்சனி, அவருடைய பக்கத்து வீட்டுக்காரி நான். அவர் வண்டியின் இடப்பக்க இருக்கை என் நிரந்தரச் சொத்து. அந்த இருக்கையிலிருந்து கண்டதைச் சொல்கிறேன். கேட்பீர்களா?

கேட்போம் என்கிறீர்கள். கேளுங்கள்!

குழந்தையாய் இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் இவருடைய இடக்காலை வாங்கிக்கொண்டது. வலக்காலும் வைராக்கியமும் மிச்சம். இரும்புப் பட்டை கட்டிய காலோடு படித்தார், பட்டம் பெற்றார், ஊருக்கே திரும்பி வந்தார். ஆனால் மாடு மருத்துவமனைக்கு நடந்து வருமா? மருத்துவர்தான் மாட்டிடம் போக வேண்டும். போவது எப்படி? பேருந்து வரும்போது மாடு காத்திருக்காது, மாடு தவிக்கும்போது பேருந்து வராது. யாராவது மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போனால் போவார். யாரும் வராவிட்டால், தெருமுனையில் மருந்துப் பையை அணைத்தபடி நிற்பார். அப்படி அவர் நின்ற எத்தனையோ காலைப்பொழுதுகளை என் வீட்டு வாசலிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஒருநாள் சொன்னார்: "டீச்சர், வண்டி வாங்கப் போறேன். நானே ஓட்டப் போறேன்."

அவருடைய அண்ணன் அறிவரசன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர். அவரும் நாங்களுமாகத் திருச்சிக்குப் போனோம். அப்போதுதான் ஒரு நிறுவனம் தன் பழைய ஜீப் வகை வண்டியை அடியோடு மாற்றி, சின்ன உடம்பும் டர்போ எஞ்சினுமாகப் புதிதாய் இறக்கியிருந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கு அவர்கள் காப்பிகூட வாங்கித் தரவில்லை!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தக் கடையில் நடந்தது சிரிப்புக்குரியதல்ல. விற்பனைப் பிரிவில் பாலாஜி என்றொரு தம்பி. பணிவான பிள்ளை. ஆனால் எதைச் சொன்னாலும் அண்ணன் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"சார், டர்போன்னா, எஞ்சின் வெளிய விடற புகையே ஒரு குட்டிச் சக்கரத்தச் சுத்தும். அது காத்த அழுத்தி உள்ள தள்ளும். சின்ன எஞ்சின்தான், ஆனா பெரிய எஞ்சின் மாதிரி இழுக்கும் சார். டீசல் டர்போ எடுத்தீங்கன்னா நாலு சக்கரமும் இழுக்கும். சேறு, மணல், எதுலயும் நிக்காது. கியர் மட்டும் கையால மாத்தணும். பெட்ரோல் டர்போவுல ஆட்டோமேட்டிக் இருக்கு. கிளட்ச்சே கெடையாது, கியர் தானா மாறும். ஆனா அதுல முன்சக்கரம் ரெண்டுதான் சார் இழுக்கும்."

அவையோரே, சிக்கலைக் கவனித்தீர்களா? சேற்றுக்கு ஏற்ற வண்டியில் கிளட்ச் இருக்கிறது. கிளட்ச் இல்லாத வண்டி சேற்றுக்கு ஏற்றதல்ல. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் நிற்கிறார். அவர் போக வேண்டிய பாதையெல்லாம் சேறு!

அறிவரசன் சொன்னார்: "தங்கச்சி, நம்மூரு மண்ணுக்கு டீசல்தான். ஆரம்பத்துலயே இழுவை இருக்கும். கியரு நம்ம கையில இருக்கணும்மா."

"கியரு கையில இருக்கட்டும்ண்ணே. கிளட்ச்சு எடக்காலுல இருக்கே?"

"கிளட்ச்சக் கையால புடிக்கற மாதிரி வெச்சுத் தரேன்."

"ஒரு கை ஸ்டியரிங்கு, ஒரு கை கியரு. கிளட்ச்சுக்கு மூணாவது கைய எங்க வெப்பீங்க?"

கடையே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. சொன்னார்: "டிரைவர் வெச்சுக்க தாயி. எங்கயாவது தனியா மாட்டிக்கிட்டீன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அந்த அன்பை உதறுவது எளிதா? எதிர்ப்பை எதிர்த்து நின்றுவிடலாம். அன்பை எதிர்த்து நிற்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும்! சிவரஞ்சனி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலு சக்கரமும் இழுக்கற வண்டியில எனக்குப் பின் சீட்டுதான்ண்ணே. ரெண்டு சக்கரம் இழுத்தாலும் பரவால்ல, எனக்கு முன் சீட்டு வேணும்" என்றார். பிறகு பாலாஜி பக்கம் திரும்பி, "தம்பி, ஓட்டப் போறது நான். இனிமே என்னப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அந்தப் பிள்ளை அன்று முழுக்க அவரைப் பார்த்தே பேசினார். நல்ல பிள்ளை என்று முன்பே சொன்னேனே!

என்ன தம்பி? பின்வரிசையிலிருந்து, "மைலேஜ் எவ்ளோ?" என்கிறீர்களா? குறைவுதான். பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே குடிக்கிறது. அதையும் அறிந்தேதான் எடுத்தார். நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்குப் போகும் உரிமையை எந்த மைலேஜில் அளப்பீர்கள், நீங்களே சொல்லுங்கள்!

வண்டி வந்தது. முறைப்படி ஓட்டிக்காட்டி உரிமமும் வந்தது. வலக்கால் ஒன்றே முடுக்கும், அதுவே நிறுத்தும். தெருமுனைக் காத்திருப்பு தீர்ந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அந்த ஆண்டுக் கார்த்திகை. கொள்ளிடம் கரை தொட்டு ஓடுகிறது. திருமானூருக்குக் கிழக்கே ஒரு கரையோரச் சிற்றூரிலிருந்து காலையில் தொலைபேசி. வீராயி என்ற கூலித் தொழிலாளி. கணவரை இழந்தவர், ஒற்றைப் பசுவின் பாலில் பிள்ளைகளை வளர்ப்பவர். "டாக்டரம்மா, எம் மாடு விடியல்லேருந்து முக்குது. கன்னு தல திரும்பிக் கெடக்காம். சீக்கிரம் வாங்கம்மா!"

புறப்பட்டோம். சாலையை வெள்ளம் அரித்துவிட்டதால் பேருந்து நின்றுபோயிருந்தது. மிச்சமிருந்தது ஆற்றுக் கரைமேல் போகும் பாதை. அதற்கு ஒரு செங்குத்தான மண்சரிவில் ஏற வேண்டும். நனைந்த மண், நழுவும் மண்.

சிவரஞ்சனி முடுக்கினார். வண்டி முக்கியது, நகரவில்லை. இன்னும் அழுத்தினார். நகரவில்லை. இன்னும்! போதிய புகை சேர்ந்து, அப்போதுதான் டர்போ விழித்துக்கொண்டது. மொத்த வலுவும் ஒரே நொடியில் முன்சக்கரங்களுக்குப் பாய்ந்தது. சக்கரங்கள் வெறித்தனமாய்ச் சுழன்றன. சேறு கண்ணாடிக்கு மேல் பறந்தது. வண்டி ஏறவில்லை, மண்ணைத் தோண்டிக்கொண்டு புதைந்தது.

கரையில் மணல் மூட்டையும் வைக்கோல் கட்டும் அடுக்கிக்கொண்டிருந்த ஆண்களும் பெண்களும் ஓடி வந்தார்கள். அவர்களில் முத்துவேல் என்பவர் குனிந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "கியரு வண்டியா இருந்தா இந்நேரம் ஏறியிருக்கும். இந்த வண்டிய எவன் வாங்கச் சொன்னது?"

நானே கலங்கிப்போனேன். அண்ணன் சொன்னதுதான் சரியோ? சிவரஞ்சனி என்ன செய்தார் தெரியுமா? எஞ்சினை அணைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். "அண்ணே, முன் டயருல காத்தக் கொஞ்சம் எறக்குங்க, மண்ணுல புடிப்பு கெடைக்கும். அக்கா, அந்த வைக்கோல அள்ளி சக்கரத்துக்கு முன்னாடி போடுங்க" என்றார். நான் அவசரமாகக் கதவைத் திறந்து, "பாரம் குறையட்டும், நான் இறங்கிக்கறேன்" என்றேன்.

"எறங்காதீங்க டீச்சர்! இழுக்கறது முன்சக்கரம். முன்னாடி வெயிட்டு வேணும். அசையாம உக்காருங்க!"

என் எடைக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்!

கியர்க் கம்பியைத் தாழ்ந்த நிலையில் நிறுத்தினார், மேல் கியருக்குத் தாவாதபடி. இம்முறை காலை அழுத்தவில்லை, மெல்ல வைத்தார். அதே அளவில் வைத்திருந்தார். வைக்கோல் நெரிந்தது. வண்டி ஊர்ந்தது. பெண்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஊர்ந்தது, ஊர்ந்தது, கரைமேல் ஏறி நின்றது!

கை தட்டுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கன்று உள்ளேயே இறந்திருந்தது.

சிவரஞ்சனி சேற்றில் அமர்ந்து, தோள் வரை கையை நுழைத்து, இறந்த கன்றின் தலையைத் திருப்பி வெளியே எடுத்தார். வெகுநேரம் கழித்துப் பசு எழுந்து நின்றது. வீராயி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எம் மாடு நிக்குது டாக்டரம்மா. எனக்கு அது போதும்" என்றார். ஆனால் மருத்துவருக்கு அது போதவில்லை. திரும்பி வரும்போது சொன்னார்: "முன்னாடியே ஏறியிருந்தா கன்னும் பொழச்சிருக்கும் டீச்சர். வண்டி மேல தப்பில்ல. இந்த டர்போ எப்ப முழிக்கும்னு என் காலுக்குத் தெரியல. தெரிய வெக்கிறேன்."

தெரிய வைத்தார்! கோடை முழுக்கக் காய்ந்த கொள்ளிட மணலில் பழகினார். பக்கத்து இருக்கையில் யார் தெரியுமா? அண்ணன் அறிவரசன்! என் இருக்கை பறிபோனது. "மெதுவா... மெதுவா... இப்ப வருது பாரு... கால எடுக்காத, அப்புடியே வெய்யி" என்று அவர் சொல்லச் சொல்ல, புதைந்து புதைந்து எழுந்தது வண்டி. எழுந்து எழுந்து தேறியது கால்.

மறு மழைக்காலம் அதே கரை, அதே சரிவு, அதே வழுக்கும் மண். இன்னொரு சினைமாடு. வண்டியைக் கண்டதும் முத்துவேல் ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் நாங்கள் கரைமேல் இருந்தோம். அந்த மாட்டின் கன்று இன்றைக்குத் திருமானூர் வயல்களில் மேய்கிறது.

இப்போது தட்டுங்கள்!

பெரியோர்களே, இனி இன்றைய விழாவுக்கு வருகிறேன். ஓட்டுநர் பயிற்சிக்கு எந்த வண்டி வாங்குவது என்று நம் சங்கத்தில் வாதம் எழுந்தபோது, டர்போ இல்லாத பழைய எஞ்சின் போதும் என்றார் ஒருவர். டீசல் என்றார் மற்றொருவர். சிவரஞ்சனி கேட்டார்: "இந்த வண்டிய ஓட்டிப் பழகப் போறவங்க இந்த அறையில யாரு இருக்கீங்க?"

ஒருவரும் இல்லை! அவர்கள் வெளி வராந்தாவில் காத்திருந்தார்கள். உள்ளே அழைத்தார். மலர்கொடி தன் மெலிந்த இடக்காலைத் தொட்டுக் காட்டி, "எனக்கு இது உதவாதுங்க. கிளட்ச் இல்லாத வண்டின்னா ஓட்டிருவேன்" என்றார். அடுத்து, கல்குவாரியில் வலக்காலை இழந்த ஆண்டவர் என்ற தோழர் எழுந்தார். "எனக்கு எடக்காலு மட்டுந்தாங்க இருக்கு. ஆக்சிலேட்டர எடப்பக்கம் வெச்சுத் தர முடியுமா?"

எங்களில் ஒருவருக்காவது அது தோன்றியதா? சிவரஞ்சனிக்கே தோன்றவில்லையே! ஆகவேதான் வெளியே நிற்கும் அந்த டர்போ வண்டியில் கியர் தானாய் மாறுகிறது, முடுக்கும் மிதி இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒன்றை மடக்கினால் மற்றொன்று வேலை செய்யும். எந்த எஞ்சின் என்று கேட்பவர்களே, எந்த கியர் என்று கேட்பவர்களே, யார் ஓட்டப் போகிறார் என்று முதலில் கேளுங்கள்! அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்! அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கும், பேசவிட்ட தலைவருக்கும், திட்டாமல் விட்ட டாக்டருக்கும் என் நன்றி. பேச்சு போதும். மலர்கொடி அவர்களே, மேடைக்கு வர வேண்டாம், நேரே வண்டிக்குப் போங்கள். ஆண்டவர் அவர்களே, அடுத்தது உங்கள் முறை. பந்தல் வாசலில் நிற்கும் அன்பர்களே, கொஞ்சம் ஒதுங்குங்கள்.

வண்டி வருகிறது. வணக்கம்!