சாலைப் பக்க அறை

எனக்கு வீடு சுத்தமாக இருக்க வேண்டும், சார். சாலைப் பக்க அறையின் ஜன்னல் விளிம்பைக் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் மறுபடி கறுத்துவிடும். நேர் கீழே பஸ்கள் இன்ஜினை அணைக்காமல் நிற்கிற இடம்.

என் கணவருக்கு முதலில் நெஞ்சுவலி வந்தபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார். பெரிய தூசியை மூக்கே தடுத்துவிடுமாம். புகையில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிடுமாம். ரத்தக்குழாயின் உள்சுவர் வீங்கிப் புண்ணாகிப்போகும். அங்கே படிந்த கொழுப்பு வெடித்தால் ரத்தம் உறைந்து அடைப்பு.

"பின்பக்க ரூம்ல படுக்க வைங்கம்மா. புகை அவருக்கு ஆகவே ஆகாது" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

அவை நல்ல மாதங்கள். கல்யாணமானதிலிருந்து "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்டவர், "கண்ணு, கொஞ்சம் பக்கத்துல உக்காரேன்" என்றார். ஊட்டிவிட்டால் சமர்த்தாக வாயைத் திறந்தார்.

பிறகு தேறினார். தேறியதும் செருப்பை மாட்டினார். எங்கே என்று கேட்டேன். "உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணுமா? வாயை மூடிக்கிட்டு உள்ள போ." தட்டு சுவரில் மோதி உடைந்தது. சில்லுகளைப் பொறுக்கினேன். மறுநாள் கட்டிலைச் சாலைப் பக்க அறைக்கு மாற்றினேன்.

"ரோட்டை வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கலாங்க" என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல். காற்றைச் சுத்தப்படுத்த மகள் வாங்கித் தந்த மெஷினிலிருந்து வடிகட்டியைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டை ஓடவிட்டேன். "பொண்ணு புண்ணியத்துல நல்ல காத்து" என்று சொல்லிக்கொண்டே தூங்குவார்.

மறுபடி வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு அலறியடித்துக்கொண்டு ஓடியவள் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பியதும் பின்பக்க அறை, மூடிய ஜன்னல், "கண்ணு". குரல் உயரத் தொடங்கினால் சாலைப் பக்க அறை. அவர் சாக வேண்டுமென்று நான் நினைத்ததே இல்லை. கொஞ்சம் முடியாமல் இருந்தால் போதும். டாக்டர்கள் மருந்தைக் கூட்டிக் குறைப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

அன்று சாலையில் ஒரே நெரிசல். புகை அறைக்குள்ளேயே நின்றது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், சட்டையெல்லாம் வியர்வை. "மூச்சு முட்டுது" என்றார். ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டேன். என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "என்னை விட்டுப் போகாதடி" என்றார்.

போன் அடுத்த அறையில் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பிழைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் பிடி தளர்ந்து விரல்கள் ஜில்லிடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மெஷினைத் திறந்து பார்த்த மகள் என்னைக் கொலைகாரி என்கிறாள். அவள் சின்னப் பெண், சார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போகாதே என்று கேட்ட மனிதரை விட்டுவிட்டு நான் எப்படி எழுந்து போவேன்?