இருபதுக்கு எட்டு

திருத்துகிற வேலைக்குச் சிவப்பு மை நல்லதில்லை சார். நாலு கட்டு முடிவதற்குள் கண் எரிய ஆரம்பித்துவிடும். தலைமைத் திருத்துநர் ஆனதும் எனக்குப் பச்சை மை கொடுத்தார்கள். அந்தப் பதவியில் எனக்குப் பிடித்ததே அதுதான். உங்கள் மேசையில் கிடக்கிற நகலில் எல்லாம் கறுப்பாகத் தெரியும். அசலில் அந்த ‘எட்டு’ பச்சை. என் கையெழுத்துதான். அதைக் கேட்கத்தானே கூப்பிட்டீர்கள்?

பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கிலத் தாளை இருபத்தாறு வருஷம் பார்த்துக்கொண்டவள் நான். அதன் கடைசிக் கேள்வி ஒரு மூன்று பக்கக் கட்டுரை. மழை நாள் என்று கேட்டால், முக்கால்வாசிப் பிள்ளைகள் கைடில் இருக்கிற மழையை மனப்பாடம் செய்துவந்து அப்படியே இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். இத்தனை வருஷமும் ஒரே மழையில்தான் நனைந்தேன். ஆனால் ஆயிரத்தில் ஒன்று தன் சொந்த மழையைக் கொண்டுவரும். அந்த ஒன்றுக்காகத்தான் முதுகு வலியோடு உட்கார்ந்திருந்தேன்.

சின்னவள் என்று ஒருத்தி எங்கள் அலுவலகத்தில். நான் வேலைக்கு எடுத்து, நான் பழக்கியவள். தினமும் பதினொரு மணிக்கு என் மேசைக்கு வந்து டீ குடிப்பாள். அவள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசப் போனதே நான்தான். ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. இனிமேல் கட்டுரை கிடையாது. பதிலாகப் பத்து வரியில் ஒரு கடிதம், இருபது மதிப்பெண். அதில் எட்டு மதிப்பெண்ணாவது வாங்காதவர்கள் பாடத்திலேயே தேறாதவர்கள். கீழே சின்னவளின் கையெழுத்து. ஒரு வருஷமாக அந்த வேலை நடந்திருக்கிறது. ஒரு வருஷமும் அவள் என் மேசையில் டீ குடித்திருக்கிறாள்.

அன்றும் பதினொரு மணிக்கு வந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. எல்லாம் மனப்பாடம், படிக்கவே முடியலன்னு நீங்கதானே தினமும் சொல்வீங்க?”

“வீட்டுக்குள்ள பொலம்புறத ஊருக்கு மைக் வெச்சுச் சொல்வியா நீ?”

“முன்னாடியே சொன்னா நீங்க விடமாட்டீங்கக்கா.”

அது உண்மைதான். அவள் டீயில் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். சண்டை எல்லாம் போடவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, சார். திருத்தத் தொடங்கும் முன்னால் எல்லா ஊர்த் திருத்துநர்களுக்கும் மூன்று தாள்களின் நகல் போகும். பிள்ளைகள் எழுதிய அசல் தாள்கள். இது மிக நன்று, இது நடுத்தரம், இது தேறுவதற்கு மட்டும் என்று மதிப்பெண் போட்டு அனுப்புவோம். இதற்குக் கீழே இருந்தால் தேறாது என்று அவரவர் கைக்கு ஒரு அளவு பிடிபடும். மாதிரித் தாள் என்போம். அந்த மூன்றையும் தேர்ந்தெடுப்பது நான்.

முதல் வருஷக் கேள்வி, தெருக் குழாய் உடைந்திருக்கிறது, அதிகாரிக்கு எழுது என்பது. கட்டுக் கட்டாகப் பார்த்தேன். எல்லாரும் மிகவும் அவதிப்படுகிறோம், ஆவன செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் இந்தத் தாள் வந்தது.

நீங்கள் படித்திருப்பீர்கள். பதினொரு நாளாகக் குழாய் ஒழுகுகிறது, என் அம்மா ஒழுகுவதில் பாதியை வாளியில் பிடித்துவிடுகிறாள், மீதியில் ஒரு குருவி குளிக்கிறது. பழுது பார்க்க ஆள் அனுப்பும்போது பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள், அதற்குள் அது குளித்து முடித்துவிடும். அவ்வளவுதான். எட்டே வரி. ஒரு பிழை இல்லை.

இரண்டு முறை படித்தேன். இருபத்தாறு வருஷத்தில் நான் படித்ததிலேயே நல்ல எழுத்து அது. மூன்று பக்கம் தேவையில்லை, பத்து வரி போதும் என்று சின்னவள் சொன்னதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். பேனாவை எடுத்து எட்டு என்று போட்டேன். தேறுவதற்கு மட்டும்.

மூலை மேசைக்காரர் மட்டும் நகலோடு எழுந்து வந்தார். நாங்கள் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“மேடம், இது எட்டா? நானே எழுதுனாலும் இப்படி வராதே.”

“அதனாலதான் நீங்க திருத்துறீங்க, எழுதல.”

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். நகலை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார் என்று இப்போதுதானே தெரிகிறது. இத்தனை வருஷப் பழக்கம், உங்களிடம் கொண்டுவந்து கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த வருஷம் நாற்பத்தோராயிரம் பிள்ளைகள் தேறவில்லை. நான் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையும் குறைக்கவில்லை, சார். அளவு ஒன்றுதான், எல்லாருக்கும் ஒன்றுதான். அந்தக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தால் யாருடையதும் நிற்காது, அவ்வளவுதான். புதிய முறை தோற்றுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. சின்னவளை எங்கேயோ கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். போகும்போது என்னிடம்தான் வந்து அழுதாள், எங்கே தப்பாகப் போனதென்று புரியவில்லை என்று. முதுகைத் தடவிக்கொடுத்தேன். அடுத்த வருஷம் கட்டுரை திரும்பி வந்தது.

எழுதிய பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் தேறிவிட்டாள். அதை யாரும் சொல்வதில்லை. ஆசிரியர் பயிற்சிக்குத்தான் கடிதத்தில் பதினைந்து வேண்டுமாம். சலவைக் கடையில் வேலை பார்க்கிற அம்மாவோடு என் அறைக்கு வந்தாள். மறுமதிப்பீட்டு விண்ணப்பம் என்னிடம்தான் வரும். பதிவெண்ணைப் பார்த்ததுமே எந்தத் தாள் என்று தெரிந்துவிட்டது.

“எங்க தப்புன்னு சொன்னா திருத்திக்குவேன் மேடம்” என்றாள்.

தாளைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். மூவரும் பார்த்தோம். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அப்போது பத்தொன்பது என்று மாற்றியிருந்தால் நாற்பத்தோராயிரம் தாளையும் திரும்பப் பிரிக்க வேண்டியிருந்திருக்கும்.

“தப்புன்னு இல்லம்மா. உனக்கு எழுத்து வரல. சில பேருக்கு வராது. மனசப் போட்டு ஒழப்பிக்காம வேற ஏதாவது பாரு.”

அம்மாக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெண் அவள் கையைப் பிடித்து, “விடும்மா, அவங்களுக்குத் தெரியாதா” என்றாள்.

இப்போது அவளும் அந்தக் கடையில்தான் துணி மடிக்கிறாள். என் துணிகளை அங்கேதான் போடுகிறேன். மடிப்பு கலையாமல் கொடுப்பாள். ரசீதில் ஒரு வார்த்தை எழுதமாட்டாள், எண் மட்டும் போடுவாள்.

அந்தக் கடிதத்தின் அசல் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், கசங்காமல் வைத்திருக்கிறேன். நல்ல எழுத்தைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது. சின்னவள் என்னை ஏமாற்றினாள், மூலை மேசைக்காரர் ஏமாற்றினார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் என் மேல் ஒரு வருத்தமும் கிடையாது, சார். அன்றைக்கு என் அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.