எங்க வம்சத்துல கொறட்ட கிடையாது

...இல்ல சார், நீங்க வாயத் தொறக்காதீங்க, எனக்கே தெரியும். ஞாயித்துக்கெழம காலையில கையில போன வச்சுக்கிட்டு நம்ம கேட் முன்னாடி நிக்கிறீங்கன்னா, அந்தக் கொறட்டச் சத்தத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இந்தப் பகாவ் ஊரு பேங்க்குக்கு மாத்தலாகி, குடிவந்து நாலு நாள்கூட ஆகல, அதுக்குள்ள கண்ணு ரெண்டும் செவந்து போச்சே, பாவம்! என்ன செய்ய? தோட்டத்து ஆளுங்களுக்குக் கட்டிக் குடுத்த வீடு லா இது. இந்தப் பக்கம் தும்முனா அந்தப் பக்கம் 'நூறு'ன்னு சொல்லுவாங்க. அப்படிச் சுவரு!

சின்னப் பிள்ள சார். ஏழு வயசு. ரதின்னு பேரு. நீங்க இன்னும் பாக்கல இல்ல? வாயத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்கும். போன வருசம் வரைக்கும் நல்லாப் படிச்ச பிள்ள... இப்ப வகுப்புல தூங்கித் தூங்கி விழுதுன்னு டீச்சரு கூப்பிட்டுச் சொல்றாங்க. எனக்கு வயிறு எரியுது சார்.

எங்க வம்சத்துல இது கிடையாது. சுத்தமா கிடையாது! எங்கப்பா தோட்டத்துல மண்டோரு, ஆளுங்கள வேல வாங்குற கங்காணி. அவரு படுத்தா லயத்துல அத்தன வீடும் எந்திரிச்சு உக்காந்துக்கும்... ஆனா அது கொறட்ட இல்ல சார், அலுப்பு. வேல செஞ்ச ஆம்பள விடுற மூச்சு. எம் பொண்டாட்டி லோகேஸ்வரி வீட்டப் பாருங்க! அவ தம்பி அவன் கல்யாணப் பந்தியிலயே உக்காந்து தூங்கினவன். அந்த ரத்தம்!

சிரம்பான் டவுன்ல ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டினோம். மூக்குக்குப் பின்னால சதை வீங்கியிருக்கு, இன்னும் பாக்கணும்னாங்க. சரி, பாருங்க! அத விட்டுட்டு, வீட்டுல யாரு கொறட்ட விடுவா, யாரு சிகரெட் பிடிப்பா... பொண்ணு பாக்க வந்த மாதிரி குடும்பத்தையே விசாரிக்கிறாங்க சார்! வீட்டுக்குள்ள யாரும் பிடிக்கிறதில்லன்னு சொன்னேன். உண்மைதானே? ஜன்னல்ல தலைய வெளிய நீட்டித்தான் பிடிப்பேன். காத்து உள்ள அடிச்சா நான் என்ன செய்ய? பிள்ள கட்டில ஜன்னலோரமாப் போட்டது லோகேஸ்வரி. அவளக் கேளுங்க!

நான் சும்மாவா இருந்தேன்? திருஷ்டின்னு நெனச்சேன். செவ்வா, வெள்ளி போட்ட சாம்பிராணிய தெனமும் போட்டேன். செம்பனைப் பழம் ஏத்துற லோரி ஓட்டிட்டு வந்து, குளிச்ச கையோட தேங்கா மட்டையக் கொளுத்தி, கதவு ஜன்னலெல்லாம் இறுக்கிச் சாத்தி... தொறந்து வச்சா புகை வீணாப் போயிடும்ல... பிள்ளைய நடுவுல உக்கார வச்சேன். இருமி இருமிக் கண்ணுல தண்ணியா ஊத்தும். கெட்டது எறங்குதுன்னு நெனச்சேன். பத்தாததுக்குக் கட்டிலுக்கு அடியில கொசுவத்தி. எவ்வளோ புகை போட்டேனோ அவ்வளோ கொறட்ட! அப்ப எவ்ளோ பெரிய திருஷ்டி பாருங்க!

இந்தப் பொம்பளைக்கு அது எங்க புரியுது? முந்தாநேத்து வெள்ளிக்கெழம நீங்க சாமான் எறக்குறதுக்கு முன்னாடி... ஆமா, தூபக்காலத் தூக்கிட்டு வர்றேன், இவ பையும் கையுமா நிக்கிறா. ஸ்கூல் லீவு, ரெம்பாவ்ல அம்மா வீட்டுக்குப் போறாளாம். 'கொறட்டயும் ஒங்களுது, புகையும் ஒங்களுது. ஒத்துக்கிட்டாத்தான் பிள்ளையக் கூட்டிட்டு வருவேன்'னுட்டா. அங்க பிள்ள சத்தமில்லாமத் தூங்குதுன்னு ரெண்டு நாளா போன்ல சொல்றா. பொய் சார்! நானும் வீம்புக்கு, எங்க வம்சத்துல ஒருத்தன் கொறட்ட விடுறான்னு காட்டு, ஒத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்... ஆனா பிள்ள இல்லாம சோறு எறங்கல சார். வீடு வீடாவே இல்ல.

என்ன, போன நீட்டுறீங்க? சத்தத்தப் போன்ல பிடிச்சே வச்சிருக்கீங்களா? போடுங்க...

ஐயையோ! லோரி மேடு ஏறுற மாதிரி... எம் பிள்ள இப்படியா சார் மூச்சுக்கு அல்லாடுது? இந்தா, நின்னு போச்சு... நின்னே போச்சே... அப்பாடா, வந்துருச்சு. என் கண்ணு! எப்பப் பிடிச்சீங்க?

நேத்து ராத்திரியா?

நேத்தா... நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். நேத்து பிள்ள ரெம்பாவ்ல... வீட்டுல நான் மட்டும்தானே...

...

சார், அழிச்சிடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அழிச்சிடுங்க லா.

இருங்க, இருங்க! அழிக்காதீங்க. நம்பர் சொல்றேன், லோகேஸ்வரிக்கு அனுப்பிடுங்க. 'ஒம் புருசன் புனிதன் ஒத்துக்கிட்டான், சாம்பிராணிச் சட்டிய வெளிய வச்சுட்டான், பிள்ளையக் கூட்டிட்டு வா'ன்னு எழுதுங்க. சிகரெட்டும்... சரி, சிகரெட்டும்னு எழுதுங்க. கீழ ஒண்ணு மட்டும் சேத்துக்குங்க சார்: அது கொறட்ட இல்ல, அலுப்புன்னு...

வேணாம், வேணாம். அத எழுதாதீங்க. அப்புறம் பிள்ளைய அனுப்ப மாட்டா.