பானெட் முனையில் ஓர் இடம்

பித்தளைக்குப் புளிதான் சரி. கடையில் டப்பாவில் விற்கிற பாலிஷ் நாலு நாள் மின்னும், அப்புறம் கறுத்துவிடும். என் வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ரைட்டர் ஒருவர் இருக்கிறாராம். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்ரீநிவாஸ். வயது நாற்பத்தொன்பது. கிழக்கேகோட்டை அக்ரஹாரத் தெரு வீட்டில் நானும் அக்கா விஜயலக்ஷ்மியும் மட்டும். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபத்திரண்டு. என்னை வளர்ப்பதற்காகவே அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருஷம் முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. வலது கை மட்டும் மிஞ்சியது. நான் கழக்கூட்டத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று தெருவே சொன்னது.

அப்பாவின் பழைய ஃபியட்டை ஹாட் ராடாக மாற்ற ஆரம்பித்தது அதற்கும் முன்பு. கூரையை நாலு அங்குலம் வெட்டித் தாழ்த்தி, எஞ்சினை வெளியே தெரியும்படி திறந்துவிட்டேன். தெருவில் ஓட்ட அனுமதி கிடையாது. கண்காட்சிக்கு லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும். மற்றவர்கள் இந்த மாதிரி வண்டியில் நெருப்பு வரைவார்கள், மண்டையோடு வரைவார்கள். நான் எங்கள் வீட்டை வைத்தேன். அப்பாவின் சந்தனக் கிண்ணம் பெட்ரோல் மூடி ஆயிற்று. அம்மாவின் காபி டவரா ஏர் ஃபில்டரின் மேல் உட்கார்ந்தது. பாட்டனார் காலத்து ஊஞ்சல் சங்கிலி கதவுகளைத் தாங்கியது. தேன்குழல் நாழியின் பிடிதான் கியர் கைப்பிடி.

அக்கா அப்போது நன்றாக இருந்தாள். வாசலில் நின்று சிரிப்பாள்.

"டேய் சீனு, இது காரா, பாத்திரக்கடையா? பழைய சாமான் வாங்கற ஆக்ரிக்காரன் பார்த்தா எடை போட்டுத் தூக்கிண்டு போயிடுவான்டா."

அம்மாவின் பூஜை மணி அவளிடம் இருந்தது. கைப்பிடியில் கருடன் வைத்த பித்தளை மணி. பானெட் முனைக்காகவே செய்தது போல இருக்கும். கேட்டேன்.

"அதுக்கென்னடா அவசரம்? உயிரோட இருக்கறவா படத்தை மாலை போட்ட படங்களோட மாட்டுவாளா? நான் போனப்புறம் எடுத்துக்கோ."

அவள் சொன்னது நியாயம். வண்டியில் இருந்ததெல்லாம் போனவர்களுடையது. அந்த வரிசையில் இருக்கிறவளின் பொருளைச் சேர்ப்பது ஆகாது. பானெட் முனையை மட்டும் காலியாக விட்டு நான் காத்திருந்தேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அந்த மணிதான் அவளுக்குக் குரல். கட்டில் சட்டத்தில், வலது கைக்கு எட்டும்படி கட்டியிருந்தோம். தொண்டையில் சளி அடைத்தால் அடிப்பாள். மார்த்தாண்டத்திலிருந்து வந்து வீட்டோடு தங்கி அவளைப் பார்த்துக்கொண்ட ஜெபமலர் ஓடிவந்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழாய் விட்டுச் சளியை எடுப்பாள். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் உடனே செய்ய வேண்டும்.

மார்ச் மாதம் பானெட்டில் ஓட்டை போட்டேன். அதற்கு முன்னால் மணியை அளக்க வேண்டியிருந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடச் சொல்லவில்லை. அவள் விரல்களுக்கு நடுவே வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

போன வாரம் கண்காட்சி நடத்தும் ஜிபின் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பானெட்டில் ஓட்டை எதற்கு என்று மலையாளத்தில் கேட்டான்.

"அடிபொளி சேட்டா. பட்சே ஈ ஓட்டை எந்தினா? பல்லு போய மாதிரி உண்டல்லோ."

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. பல் போன வாயோடு என் குடும்பத்தை நாலு பேர் முன்னால் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை மதியம் அக்கா தூங்கியதும் மணியை அவிழ்த்து எடுத்துவந்தேன். துணி வாளியோடு மாடிக்குக் கிளம்பிய ஜெபமலர் கவனித்துவிட்டாள்.

"சாரே, அக்காக்க மணிய காணல்லியே?"

"தேய்க்கறதுக்கு எடுத்திருக்கேன்."

"மணி இல்லாம மேல போவ பயமாட்டு இருக்கு சாரே. அங்க ஒண்ணும் கேக்காது."

"நான் பக்கத்து ரூம்லதானே இருக்கேன். நீ போ."

அவள் நம்பிப் போனாள். நான் சொன்னதும் பொய்யில்லை. வண்டி நிற்கும் அறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். அதைக்கூடச் சாத்தவில்லை.

மணியின் நாக்கைக் கழற்றினேன். லாரி குலுங்கும்போது சத்தம் போடக் கூடாது. மொத்தம் நாலு திருகு. இரண்டாவதை முடுக்கும்போது அக்கா இருமினாள். பிறகு கட்டில் சட்டத்தில் கை தட்டும் சத்தம் கேட்டது. மணி இருந்த இடத்திலேயே தட்டினாள். முதலில் வேகமாக, அப்புறம் விட்டுவிட்டு. மூன்றாவது திருகின் மரை கொஞ்சம் கோணியிருந்தது. அதில் அவசரப்பட்டால் பழைய பித்தளை விரிந்துவிடும். கழற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி முடுக்கினேன். நான்காவது முடிந்தபோது வீடு அமைதியாக இருந்தது.

மணி முழுசாகப் பொருந்திய நேரத்தில் அது போனவளின் மணி. அவள் சொன்ன முறையை நான் மீறவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன். அவள் கையில் சூடு இருந்தது. எனக்குச் சாதம் பிசைந்து போட்ட கை. விரல் முட்டிகள் சிவந்திருந்தன. மாடிவரை கேட்கும்படி அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை. இன்னும் நிற்கவில்லை.

மணியைத் தேய்க்க நான் எடுத்துக்கொண்டேன் என்று ஜெபமலர் உங்களிடம் சொன்னாள். அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து நீங்கள் அவளை நம்பவில்லை. கவனிக்காமல் விட்டாள் என்று அவளை மூன்று நாளாக ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஆட்கள் வீடு முழுக்க மணியைத் தேடினார்கள். அவர்களில் ஒருவர் வண்டி முன்னால் நின்று, கருடன் மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணை அனுப்பிவிடுங்கள். அவள் கீழே இருந்திருந்தால் அக்கா இருந்திருப்பாள். அதனால்தான் மாடிக்குப் போகச் சொன்னேன்.

வண்டியைச் சாட்சிப் பொருளாக எடுத்துப்போவீர்கள் என்று தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்டேஷன் முற்றத்தில் துருப்பிடித்துக் கிடக்கிற வண்டிகளோடு இதையும் மழையில் நிறுத்திவிடாதீர்கள். என் குடும்பத்தை நான் ஒரு நாள்கூட நனையவிட்டதில்லை.